ஊசியக்காவும் ஐந்து கட்டங்களும்

ஊசியக்காவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சக்களத்திதான் இருந்தாள். அவளும் வீட்டுக்காரரின் செல்போனுக்குள் குடியிருந்தாள். தினம் ஒரு ஆங்கில வார்த்தை, ஐந்தே எழுத்து, கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சையாகும். எழுத்து சரி, இடம் தப்பு என்றால் மஞ்சள். அந்த எழுத்தே கிடையாது என்றால் சாம்பல். வேன் ஓட்டுகிற அந்த மனுஷர் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அந்தக் கட்டங்களோடு கொஞ்ச ஆரம்பித்துவிடுவார்.

தொலைவில் தங்கிப் படிக்கும் மகளுக்கும் இதே பைத்தியம். அப்பாவும் மகளும் விளையாடி முடித்ததும் வார்த்தையை மறைத்து, வண்ணங்களை மட்டும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். வண்ணம் வந்துவிட்டால் வீட்டில் எல்லாரும் சுகம் என்று அர்த்தம். தனியாக விசாரிக்கத் தேவையில்லை.

"அப்பனும் மகளும் கலர் கலராப் பேசிக்கிறீங்க. நான் ஒருத்தி நடுவுல கறுப்பு வெள்ளையில உக்காந்திருக்கேன்" என்பாள் அக்கா.

அவள் சீருடை தைப்பவள். சட்டைப்பையின் மேல் எந்திரத்தால் எழுத்துத் தைப்பதில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் ஒட்டாத ஆங்கிலம் அந்தச் சட்டைப்பைகள் வழியாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நர்ஸ், கார்ட், ஸ்டாஃப், ஹோட்டல். இதற்கு மேல் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். போன் கையில் இருந்தும் கட்டத்தைத் தொடவில்லை என்றால் வலி எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடல்வால் பழுத்துவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் பெரிய பை வைத்த வேலைத்துணி, புடவையெல்லாம் நூல் துணுக்கு. தையல் எந்திரத்திலிருந்து எழுந்த கோலத்திலேயே அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாள்.

தள்ளுவண்டியில் படுத்தபடி அவர் போனை அவள் கையில் திணித்தார். "பாப்பாவுக்கு இன்னைக்குப் பரீட்சை. கலர் போகலேன்னா பயந்துடுவா. நீ போட்டு அனுப்பிடு."

"வயித்துல கத்தி வைக்கப் போறாங்க. இப்பவும் உங்களுக்கு அந்தச் சக்களத்தி நெனப்புதானா?"

"அவளுக்காக இல்லம்மா. நம்ம பொண்ணுக்காக."

கதவு மூடிக்கொண்டது. மகள் இரண்டு முறை கோட்டைவிட்ட பரீட்சை அது. மூன்றாவதாகவும் போனால் வேலை கனவுதான். போனில் அவளுடைய செய்தி வந்து விழுந்தது: 'அப்பா, எங்க கலர்? கொஞ்ச நேரத்துல போனை வாங்கி வச்சுடுவாங்க.'

அனுப்பினால் மட்டும் போதாது, ஜெயித்தும் ஆக வேண்டும். அப்பா தோற்று அவள் பார்த்ததே இல்லை. அக்கா குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு நர்ஸ் என்று போட்டாள். நடு எழுத்து 'ஆர்' பச்சையானது, முதல் எழுத்து 'என்' மஞ்சளானது. காவல்காரர் சட்டையில் தைக்கிற கார்ட் போட்டதில் 'ஏ' இருக்கிறது என்று தெரிந்தது. ஸ்டாஃப் ஒன்றுக்கும் உதவவில்லை. ஹோட்டல் 'ஓ' எழுத்தைக் காட்டிக்கொடுத்தது. அதோடு அவளுடைய கையிருப்பு தீர்ந்தது. உள்ளே அவருக்கு என்ன ஆகிறதோ என்று மூடிய கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். மருமகளைப் பிரசவத்துக்கு உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்து, "பேரன்னு போட்டுப் பாரும்மா" என்றார்.

"ஐயா, உங்க கவலை உங்களுக்கு. இது இங்கிலீஷ் வார்த்தை."

"இங்கிலீஷ்தாம்மா. பிரபுன்னு அர்த்தம்."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள். கடைசி மூன்று எழுத்தும் பச்சை. இரண்டாவது கட்டத்து 'ஏ' மட்டும் மஞ்சள். அப்படியானால் அது முதல் கட்டத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது எழுத்து என்ன? ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. பெரியவரும் கையை விரித்துவிட்டார்.

முகமெல்லாம் வேர்த்தது. கைக்குட்டைக்காக இடுப்புத் துணியின் பைக்குள் கையை விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது. கேன்டீன்காரர்களுக்கு மூட்டை மூட்டையாய்த் தைத்துக் கொடுத்தது, காலையிலிருந்து தன் இடுப்பிலேயே தொங்குவது. ஏப்ரன். தட்டினாள். ஐந்து கட்டமும் பச்சைப் பசேல் என்று பூத்தன.

வண்ணத்தை மட்டும் எப்படி அனுப்புவது என்று அவளுக்குத் தெரியாது. திரையை அப்படியே படம் பிடித்து, வார்த்தைகளோடு மகளுக்குத் தட்டிவிட்டாள். மகளிடமிருந்து ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. சற்று நேரத்தில் கதவு திறந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அக்கா அளவு நாடாவாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவருக்கு வந்தது பேரன் இல்லை, பேத்தி. அவர் அதற்கும் வாயெல்லாம் பல்லாகத்தான் நின்றார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "பிரமாதமா எழுதியிருக்கேம்மா. ஆமா, இன்னைக்கு வெளையாடினது நீதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நர்ஸ், கார்ட், ஸ்டாஃப், ஹோட்டல். எல்லாம் உன் பாக்கெட் வார்த்தை. சின்னப் பிள்ளையில நூல் வெட்டிக் கொடுத்தவ நானாச்சே. அப்பா எங்கேன்னு ஒரு நிமிஷம் திக்குன்னு இருந்துது. அப்புறம் நெனச்சேன், அப்பாவுக்கு ஏதாவதுன்னா அம்மா உக்காந்து வெளையாடிக்கிட்டா இருப்பா? ஊரையே ரெண்டாக்கியிருக்க மாட்டாளா? சிரிச்சுக்கிட்டே உள்ள போனேன்."

 அக்கா கட்டிலில் மயக்கம் தெளிந்து கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். 

"அந்தப் பயத்துலயும் எனக்காக வெளையாடினியாம்மா?" என்று மகளின் குரல் உடைந்து வந்தது.

"அழாதே கண்ணு. ஜெயிச்சேன் இல்ல?" என்று சொல்லி, போனை அவர் காதில் வைத்தாள்.

மறுநாள் காலையில் அவர் கை தலையணைப் பக்கம் போனைத் தேடியது. போன் அங்கே இல்லை. ஜன்னலோரம் நாற்காலியில் அக்கா குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா, அதைக் கொடு. பாப்பாவுக்குக் கலர் அனுப்பணும்."

"நீங்க படுங்க. பாப்பா என்கிட்டதான் கேட்டிருக்கா" என்றாள் அக்கா, தலை நிமிராமலே.