மினுக்கி வைத்த வாள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், நான்கு பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள்தான். ஆனால் இந்தக் கொலோன் நகரத்தில் என் வீட்டுப் பித்தளை போல எந்த வீட்டிலும் மினுங்காது.

கீழ்வீட்டு ஜெர்மன்காரக் கிழவர் பழைய பட்டாள வைத்தியர்களின் சத்திரசிகிச்சைப் பெட்டிகளைத் தேடிச் சேர்ப்பவர். பயணம் போகும்போது, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி வீட்டுத் திறப்பைத் தந்தார். அங்கே ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கருங்காலிப் பிடி போட்ட, எலும்பு அறுக்கும் பல்லு வாள். அலகெல்லாம் கறுத்த கறை. பாவம், துடைக்க ஆளில்லையாக்கும் என்று, வெள்ளிக்கிழமை விளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டு உரஞ்சிக் கண்ணாடியாக்கி வைத்தேன்.

வந்து பார்த்தவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அவர் சொன்னதைப் பேத்தி தமிழில் சொன்னாள்.

"அம்மம்மா, அந்தக் கறையை வைச்சுத்தானாம் இது சண்டையிலை பாவிச்ச வாள் எண்டு கண்டுபிடிச்சவர். ஆரோ ஒரு பெடியன்ர ரத்தமாம். அவனெண்டு மிஞ்சினது அது ஒண்டுதானாம்."

சண்டையில் போன என் மூன்றாவது மகன் போட்டிருந்த சேட்டு மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. பிள்ளையின் உடுப்பை ஊத்தையோடு வைப்பதா என்று, சவுக்காரம் போட்டுத் தோய்த்தவள் நான்தான்.

இதைப் பேத்தி சொல்ல, கிழவர் ஏசவில்லை. வாளைப் பெட்டியில் வைத்து மூடினார். "தாய் எண்டால் தோய்க்கத்தானே செய்வா" என்றாராம்.

சேட்டு இன்னும் என் அலுமாரியில் வெள்ளையாக இருக்கிறது. அதில் என் பிள்ளை இல்லை.

எடி பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி பாப்பம். ஒண்டையும் திருத்திப்போடாதை, நான் சொன்ன மாதிரியே வாசி.