அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட வாத்து

எங்கள் அத்தான் அற்புதராஜுக்குக் கடவுள் கொடுத்த தொண்டை பஸ்ஸுக்கு அளவெடுத்தது. வீட்டுக்கு அது ரொம்பப் பெரிது. காரைக்காலுக்கும் நெடுங்காட்டுக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று பஸ்ஸில் கத்துகிற அதே குரலில்தான் வீட்டுக்கு வந்து "சலோமி, தண்ணி" என்பார். சலோமி என் அக்கா. கல்யாணமான புதிதில் அவள் பயந்துபோய் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தாளாம். நான் விழிதியூரில் இருந்தேன், அவர்கள் நெடுங்காட்டில். அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் மறுநாள் முழுக்க எனக்குக் காதுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

கெட்ட மனிதர் இல்லை, சட்டம் பேசுகிறவர். நடு ரோட்டில் கை காட்டினால் பஸ் நிற்காது, ஸ்டாப்பில்தான் நிற்கும். பொண்டாட்டியின் தம்பியாயிற்றே என்று எனக்கு ஒரு நாள்கூட டிக்கெட் இல்லாமல் இடம் கொடுத்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதில் அங்கங்கே அது தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தொன்பதாம் வருடம், மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வாத்துகளை இறக்கி மேய்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுங்காடு போகிற வழியில் ஒரு கூட்டம் ரோட்டைக் கடந்தது. டிரைவர் அப்துல் லத்தீப் நிதானமானவர். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசி வாத்தும் போய்ச் சேர்ந்த பிறகுதான் வண்டியை எடுத்தார். அப்போது பார்த்து ஒரு வாத்துக்கு மட்டும் இந்தப் பக்கம் எதையோ மறந்து வைத்துவிட்ட ஞாபகம் வந்து, திரும்பி ஓடி வந்தது.

டயர் ஏறவில்லை. படிக்கட்டு தட்டிவிட்டது. இடது கால் முறிந்து தொங்கியது. வாத்துக்காரர் கருப்பையன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி நின்ற அத்தான் கையிலேயே கொடுத்தார்.

"நாளைக்கு நான் அடுத்த ஊரு போவணுங்க. இது எங்கூட நடக்காது. நீங்களே கொழம்பு வச்சிக்குங்க."

அத்தான் சட்டப்படி தனக்கே ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு, வாத்தை மடியில் வைத்து வீடு வந்து சேர்ந்தார்.

அன்றே குழம்பு வைத்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலை இருந்திருக்காது. ஆனால் அது தவக்காலம். சாம்பல் புதன் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என் அக்கா வீட்டில் ஈஸ்டர் வரைக்கும் மீன் உண்டு, கறி கிடையாது. "வாத்து பாதி நேரம் தண்ணிலதானே கெடக்குது, அத மீனு கணக்குல சேக்கக் கூடாதா?" என்று அத்தான் கேட்டுப் பார்த்தார். அக்கா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள்.

ஆக, அத்தான் அந்த வாத்துக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கியது இரக்கத்தால் அல்ல. ஈஸ்டர் வரைக்கும் குழம்பு உயிரோடு இருக்க வேண்டுமே என்றுதான். இதைச் சொன்னால் அவருக்கு இன்றைக்கும் முகம் சிவந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன்.

தீர்ந்துபோன டிக்கெட் கட்டின் அட்டையைக் காலின் இரண்டு பக்கமும் வைத்துத் துணியால் கட்டினார். மேலே உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பத்துப் போட்டார். கடையில் கிடைத்தது வாத்து முட்டைதான். "ஒங்க சொந்தக்காரங்கதான், கோச்சுக்காத" என்று வாத்திடம் சமாதானம் சொல்லிக்கொண்டே தடவினார். அதை மெதுவாகச் சொன்னார். அவர் வழக்கமான குரலை எடுத்தால் வாத்து மிரண்டு இறக்கையை அடித்துக் கட்டையெல்லாம் அவிழ்த்துவிடும். இரண்டு முறை அப்படிக் கட்டவிழ்ந்து திரும்பக் கட்டிய பிறகு, மனிதர் வாசலிலேயே செருப்போடு குரலையும் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரப் பழகினார்.

அக்காவுக்கு வாத்தைக் கண்டால் ஆகாது. அவள் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டா இப்போது வாத்து நீந்துகிற குளமாகிவிட்டது. கூடத்தில் கோணிமேல் சாய்ந்துகொண்டு, வேளாவேளைக்குத் தவிடு பிசைந்து வைத்தால் மட்டும் தலையைத் திருப்பும் அதற்கு 'மதாம்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற வீட்டு அம்மாக்களை அப்படித்தான் சொல்வார்கள். "மதாம் இன்னும் சாப்புடலையா? நான் வேணா விசிறி எடுத்தாந்து நிக்கட்டுமா?" என்பாள். அடுத்த வீட்டு அமுதம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "எப்ப அடிக்கப் போறீங்க? மொளவு தூக்கலா போட்டு நான் செஞ்சு தரேன்" என்று வாரம் தவறாமல் விசாரிப்பாள். அமுதம் வைக்கிற வாத்துக் குழம்புக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை உண்டு.

வாத்துக்கு நத்தை கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அந்த பஸ் நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மாசமான பெண் கை காட்டியும் ஸ்டாப்புக்கு நடந்து வரச் சொன்ன வண்டி அது. இப்போது எந்த வாய்க்கால் கண்ணில் பட்டாலும் விசில் ஊதி நின்றது. கண்டக்டர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்குவார், நத்தையோடு ஏறுவார். கொஞ்ச நாளில் பயணிகளே வாழையிலையில் நத்தை கட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் கொண்டு போனேன். எனக்கு அன்றைக்கும் டிக்கெட் கிழித்தார்.

தவக்காலம் பாதி போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தான் சாப்பிட வந்தபோது மதாம் கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது. நத்தையைத் தொடவில்லை. உடம்பு கொதித்தது. நான் அன்று அங்கேதான் இருந்தேன். சுவரில் கையில் குழந்தை இயேசுவோடு அந்தோணியார் படம். அத்தான் அதற்கு நேராக வாத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொன்னார்:

"அந்தோணியாரே, இது மட்டும் பொழைச்சு எழுந்து நடந்துட்டா, திருவிழா அன்னைக்கு ஒங்க கோயிலுக்கே கொண்டாந்து விட்டுடறேன்."

வாய்ப் பழக்கம்தான், வேறென்ன. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கோழிக்குச் சீக்கு வந்தால் இப்படித்தான் நேர்ந்துகொள்வார்கள். பிழைத்தால் அந்தக் கோழி அந்தோணியாருக்கு. திருவிழாவில் அதை ஏலம் விடுவார்கள், எடுத்தவர் வீட்டில் அன்று விருந்து. அத்தானுக்குப் பறவைக்கென்று தெரிந்த ஒரே செபம் அதுதான். மதாம் சாயங்காலமே தலையைத் தூக்கித் தவிடு தின்றது. அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"ஒரு மெழுகுவத்தின்னு சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றாள் அக்கா. "போயும் போயும் அதையேவா நேந்துக்குவாங்க?"

அத்தான் கோணிமேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "மச்சான், நாள் பூரா எத்தனையோ பேரு ஏறி எறங்குறான். ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல, கையத்தான் பாக்கறான். இது ஒண்ணுதான்டா என்னப் பாக்குது" என்றார். வாத்துக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் அது எல்லோரையும்தான் பார்க்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். பாவமாகத்தான் இருந்தது.

ஈஸ்டருக்கு அக்கா கோழி சமைத்தாள். கோவிலுக்கு நேர்ந்ததை யாரும் தொட முடியாதே. அதற்குள் கால் கூடியிருந்தது, கட்டைப் பிரித்திருக்கலாம். அத்தான் பிரிக்கவில்லை. நேர்ந்தது 'எழுந்து நடந்தால்' என்றுதானே? நடக்காவிட்டால்? அவ்வளவுதான், வாத்தின் கால் அதன் பிறகு தரையில் படவே இல்லை. காலையில் தூக்கி அண்டாவில் விடுவார், அண்டாவிலிருந்து தூக்கிக் கோணியில் விடுவார். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் சலோமி கீழே இறக்கிவிடுவாள் என்ற பயத்தில், கூடையில் வைத்து பஸ்ஸுக்கே கொண்டுவர ஆரம்பித்தார். தினமும் அதற்கு லக்கேஜ் டிக்கெட்.

லத்தீப் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நிய்யத்துன்னு, நேர்ச்சைன்னு ஒண்ணு வச்சா வச்சதுதான். அந்தோணியார்கிட்ட போயி வாய்தா வாங்காதீங்க."

"இன்னும் நடக்கலையே லத்தீப்."

"நீங்க எறக்கி விட்டாத்தானே நடக்கும்."

பயணிகள் விடவில்லை. ஒரு நாள் வற்புறுத்திக் கட்டைப் பிரிக்க வைத்து, சீட்டுகளுக்கு நடுவே இறக்கிவிடச் சொன்னார்கள். பஸ்ஸின் நடுவழியில் மதாம் முன்னும் பின்னும் போய் வந்தது.

"நொண்டுது பாருங்க. எடது பக்கம் சாயுது" என்றார் அத்தான்.

"வலது பக்கமுந்தாங்க சாயுது" என்றார் சுரக்குடியில் ஏறிய பெரியவர். "வாத்து நடையே அதுதான்."

பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நன்றாக இருக்கிற வாத்தும் நொண்டி மாதிரிதான் நடக்கும், நொண்டி வாத்தும் நன்றாக இருக்கிற மாதிரிதான் நடக்கும். காரைக்கால் வரும்வரை தீர்ப்பு வரவில்லை. அத்தானுக்கு அது போதும். சந்தோஷமாகத் தூக்கிக் கூடையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் மாதத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம், பஸ் ஒரு வாய்க்கால் ஓரம் நத்தைக்காக நின்றது. மதாம் கூடையிலிருந்து குதித்தது, படியில் இறங்கியது, தரையில் விழுந்து ஒரே ஓட்டமாக ஓடித் தண்ணீரில் பாய்ந்தது. பஸ் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தது.

"ஓடத்தானே செஞ்சுது" என்றார் அத்தான். "நடக்கல."

யாரும் சிரிக்கவில்லை. லத்தீப் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்காலில் இறங்கினார். மதாம் தானாகவே அவரிடம் வந்தது.

திருவிழா அன்று வாத்துக்கு மல்லிகைச் சரம் கட்டிக் கொண்டு போய், அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் கோவில் உபதேசியார் மரியசூசையிடம் கொடுத்தார். ஏலத்துக்கு முன்னால் என்னைக் கொடிமரத்தின் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். நேர்ந்துவிட்டவர் வீட்டில் யாரும் தங்கள் பொருளைத் திரும்ப ஏலம் கேட்கக் கூடாது என்பது அந்தக் கோவிலின் வழக்கம். கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டால் கொடுத்ததாகுமா?

"நீ வேற வீடு. விழிதியூரு. நீ கேளு" என்று சைக்கிள் வாங்கச் சேர்த்த பணத்தை என் சட்டைப் பையில் திணித்தார். "ஒங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒரு வாத்துக்கா இவ்ளோன்னு என்னைக் கொன்னுடுவா."

ஆண்கள் கொடிமரத்தின் பக்கம், பெண்கள் மாதா கெபியின் பக்கம். நடுவில் மரியசூசை ஒரு கையில் மைக்கும் மறு கையில் மதாமுமாக மேஜைமேல் நின்றார். கோழிகள் சட்டென்று போயின. வாத்துக்கு நான் ஒரு விலை சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அதற்கு மேலே சொன்னது. எட்டிப் பார்த்தால் அமுதம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மிளகு தூக்கலாகப் போட இத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள். நான் ஏற்றினேன். அவள் ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பி யாரிடமோ கேட்டுவிட்டு ஏற்றினாள். விலை கோழியைத் தாண்டியது, சேவலைத் தாண்டியது, ஆட்டுக்குட்டியையும் தாண்டிப் போனது. மரியசூசை கையிலிருந்த வாத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார், இதில் அப்படி என்ன இருக்கிறதென்று. கடைசியில் என் பை காலியாயிற்று. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." மதாம் அமுதத்தின் கைக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன். அத்தான் அங்கே இல்லை.

கோவில் தெரு முனையில் அவரைப் பிடித்தேன். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே நடந்தார். அமுதம் வீட்டைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா எங்களுக்கு முன்பே குறுக்கு வழியாக வந்திருந்தாள். கூடத்தில் கோணிமேல் மதாம் உட்கார்ந்திருந்தது, கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு. அக்கா அதற்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அமுதத்த விட்டு எடுக்கச் சொன்னேன். எஞ்சீட்டுப் பணம் பூரா போச்சு. அந்தக் கூட்டத்துல ஆளும் தெரியல, கொரலும் தெரியல, எவனோ ஒரு கூறு கெட்டவன் ஆம்பளைங்க பக்கத்துலேருந்து ஏத்திக்கிட்டே இருந்திருக்கான்."

நான் அண்டாவைப் பார்த்தேன். அத்தான், "நாந்தான் கேக்கச் சொன்னேன் சலோமி" என்றார்.

அக்கா பிசைவதை நிறுத்தினாள். அவள் திட்டப்போகிறாள் என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அவள் திட்டவில்லை.

"எனக்கு வாத்து ஒண்ணும் வேணாம்" என்றாள். "கல்யாணமாகி இத்தன வருசத்துல, இது வந்த பொறவுதான் நீங்க இந்த வீட்டுல மெதுவா பேசறீங்க. அது போயிட்டா அதுவும் போயிடுமேன்னுதான் எடுத்தேன்."

மதாம் கோணியைவிட்டு இறங்கி, இடது பக்கமும் வலது பக்கமும் சாய்ந்து சாய்ந்து கூடத்தைக் கடந்து அத்தான் காலடிக்கு வந்தது. அவர் குனிந்தார், ஆனால் தூக்கவில்லை.

"நல்லாத்தான் நடக்குது" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது.