கிடங்குத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி

கிடங்கு வெட்டுகிறவனுக்கு வேலை முடிகிற நாள் ஒன்று உண்டு; வெட்டிய கிடங்கைப் பச்சையாக்க வந்தவனுக்கு அது கிடையாது. இந்தத் தொழிலில் அகப்பட்டுக்கொண்ட என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். குளக்கட்டை உயர்த்துவதற்காக உருத்திரபுரத்துப் பக்கம் கிரவல் என்னும் சரளைச் செம்மண்ணை அள்ளிவிட்டுப் போன பள்ளம், பெரிய கிடங்கு ஒன்று, அறுபதுகளின் தொடக்கத்தில் என் தலையில் விழுந்தது. கரையில் புல் பதிக்கவேண்டும், மரம் நடவேண்டும், தேங்கும் தண்ணீரையும் அயல் கிணறுகளையும் மாதாமாதம் சோதிக்கவேண்டும்.

முளைத் தடி

புல்லைச் சதுரம் சதுரமாகச் செதுக்கிவந்து சரிவில் பதித்து, வழுக்காமலிருக்கத் தடிகளால் முளை அடித்தோம். மழைக்குச் செம்மண் கரைந்து தண்ணீரில் இறங்கக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பாடு. மறுநாள் போனால் புல் இருக்கிறது, முளைகளைக் காணோம். பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணை வீட்டுக் குசினி அடுப்பில் அவை எரிந்துகொண்டிருந்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அண்ணையோ அடுப்பை ஊதியபடியே சொன்னார்:

“கோவிக்காதையுங்கோ தம்பி, புல்லு எங்கயும் ஓடிப்போகாது எண்டுதான் எடுத்தனான்.”

நானாவின் சோதனை

கந்தோர் என்கிற எங்கள் அலுவலகத்துக்குச் சோதனைக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல்களோடு சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சலீம் நானாவுக்கு அந்தப் போத்தல்கள்மேல் ஒரு கண். ஒருநாள் கெஞ்சிக் கேட்டு, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சமும் கிடங்குத் தண்ணீரில் கொஞ்சமும் கொதிக்கவைத்துத் தேயிலை போட்டார். கிணற்றுத் தண்ணீர் நல்ல சிவப்பாக வந்தது. கிடங்குத் தண்ணீர் மை மாதிரிக் கறுத்துவிட்டது! கிரவலில் இருக்கும் இரும்புதான் காரணம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். நானா கையை உயர்த்தி மறித்தார்:

“காரணத்த நீங்களே வச்சுக்கொள்ளுங்க தம்பி, இந்தத் தண்ணிய மட்டும் என்ர கடைப் பக்கம் கொண்டு வராதீங்க.”

நல்லம்மா அக்காவின் கிணறு

இந்தக் கதை ஊருக்குள் பரவியதுதான் வினை. கிடங்குக்கு மிகக் கிட்டிய கிணறு நல்லம்மா அக்காவுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, புருஷனோடு சேர்ந்து காடு வெட்டிக் குடியேறியவர். கிடங்குத் தண்ணீர் தன் கிணற்றுக்குள் ஊறிவிடுமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. காலையில் தேத்தண்ணி போட்டு நிறம் பார்ப்பார். சற்றுக் கறுப்பாகத் தெரிந்தாலும் கோப்பையோடு வேலிக்கு வந்துவிடுவார். தேயிலை கூடிவிட்டது என்று நான் சொல்வேன், நம்பமாட்டார். உண்மையில் எனக்கும் பயம்தான். மண்ணுக்கடியில் நடப்பது யாருக்குத் தெரியும்? அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வார்:

“கிணறு கறுத்துதெண்டால் நாங்கள் பெட்டியக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போயிடுவம். போற வழியில உங்கட கந்தோர் வாசல்ல நிண்டு நல்லா ஏசிப்போட்டுத்தான் போவன்.”

கட்டிய பெட்டி

இரண்டு மாரி போயிற்று. புல் வேர் பிடித்தது, மருதங்கன்றுகள் ஆளுயரம் வந்தன, மண் கரைவது நின்றது. கிடங்குத் தண்ணீர் தெளிந்து, தாமரை இலைகூட ஒன்றிரண்டு எட்டிப்பார்த்தது. பிறகு வந்த கோடை பொல்லாதது.

மாதச் சோதனைக்குப் போனபோது அக்கா வீட்டு விறாந்தையில் ஒரு பெட்டி கயிறு போட்டுக் கட்டியபடி இருந்தது. கிணறு கறுத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அக்கா கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். நல்ல சிவப்பு. “கிணறு தப்பிட்டுது அக்கா!” என்று சந்தோஷத்தில் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். கோப்பை காலியாகும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிணறு முந்தாநாளே வத்திப்போச்சு, தம்பி. நீங்கள் குடிச்சது உங்கட கிடங்குத் தண்ணி,” என்றவர், உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டார்: “இஞ்சாருங்கோ, பெட்டிய அவிழ்க்கலாம்.”

என் வேலை சரியா என்று பார்க்கக் கந்தோர் ஒருநாளும் ஆள் அனுப்பவில்லை. அக்கா என் வயிற்றை வைத்தே பார்த்து முடித்துவிட்டார்.