பேச்சி மைனியின் ஓலைப்பெட்டி

பேச்சி மைனி போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் முருகன் தாராவியிலிருந்து போன் செய்தான். முலுண்டிலிருந்து டிரெயின் பிடித்துப் போய், எல்லாம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். குளித்தாகிவிட்டது. குமட்டல் மட்டும் போகவில்லை.

சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து குமட்டல் என்கிறாளே என்று நினைப்பீர்கள்... மைனியால் இல்லை. சொல்கிறேன்.

அறுபதுகளில் நான் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தபோது, எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு பொட்டல். அதன் ஓரத்தில் ஒரு கிணறு. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பக்கத்து வீட்டுக்காரியை அண்ணி முறை வைத்து மைனி என்பேன்; அவள்தான் எனக்கு முதல் குடம் இறைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பொட்டலில்தான் தோல் பதனிடும் ஷெட்டுக் கழிவை டிரக்கில் கொண்டுவந்து கொட்டினார்கள். தோலில் சுரண்டிய சவ்வு, கொழுப்பு, சுண்ணாம்பில் ஊறிய மயிர்... தேவ்னார் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று காண்ட்ராக்ட் எடுத்துவிட்டு, டீசல் மிச்சம் பிடிக்க எங்கள் தலையில். கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. சோறு வடித்தால் சோறே நாறும்.

காண்ட்ராக்டர் வேற்று ஆளா? இல்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சிதான். மாட்டுங்காவில் வீடு, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. த்தூ.

சந்து ஆண்கள் கூடிப் பேசி ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். பொட்டலில் சுடலைமாடனுக்கு ஒரு மண் பீடம் பிடித்து வெள்ளையடித்துவிட்டால், சாமி இருக்கிற இடத்தில் எவன் கொட்டுவான்? நல்ல மூளை! இருக்கிற சாமியையெல்லாம் விட்டு, சுடுகாட்டுச் சாமியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

டிரக் டிரைவரும் நம் பக்கத்து ஆள்தான். கொஞ்ச நாள் பயந்து வராமல் இருந்தான். அப்புறம் ஒருநாள் பட்டப்பகலில் வந்தான். சூடம் காட்டினான், பீடத்தில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிணம் எரிகிற இடத்திலேயே இருக்கிற மாடனுக்கு இந்த நாற்றமெல்லாம் ஒரு பொருட்டா என்று எங்களிடமே கேட்டுவிட்டு டிரக்கைச் சாய்த்தான்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மாடனுக்குச் சுருட்டு, எங்களுக்குச் சவ்வு. ஆண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சுருட்டை வாங்கிக்கொண்ட பிறகு அது சாமி உத்தரவாம்.

அந்த வருஷம் மாடனுக்குக் கொடைத் திருவிழா. எல்லாரையும்விட அதிகமாக வரி கொடுத்தது யார்? அண்ணாச்சிதான்.

வரி கொடுத்த பெரிய வீட்டுக்கு, வெட்டின கிடாயில் பங்கு வைத்து, ஓலைப்பெட்டியில் வாழை இலை மூடி, மேளத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணாச்சி வீட்டுப் பெட்டியை நானே சுமக்கிறேன் என்றாள் மைனி. ஆண்களுக்கு ஒரே சந்தோஷம்.

பெட்டிக்குள் எதை அள்ளி வைத்தோம் என்பது மைனிக்கும் எனக்கும்தான் தெரியும். மாட்டுங்கா வரைக்கும் தலையில் வைத்து நடந்தாள். ஓலை இடுக்கில் ஒழுகி அவள் நெற்றியில் வழிந்தது... நான் கூடவே நடந்தேன். மேளக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பாவம்.

அண்ணாச்சி வீடு நிறைய விருந்தாளிகள். அவர் மனைவி பங்கை வாங்கிக்கொள்ளத் தாம்பாளத்தோடு நின்றாள். மைனி பெட்டியை மொசைக் தரையில் இறக்கி இலையை எடுத்தாள். புழு நெளிந்தது.

"மாடனுக்கு நீங்க தெனமும் படைக்கதுல உங்க பங்கு, அண்ணாச்சி. சாமிக்குப் படைச்சத வேண்டாம்னு சொல்லப்பிடாது."

அந்த அம்மாள் தாம்பாளத்தைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சொந்த வீட்டில் நாறினால்தானே தெரிகிறது...

மறுநாள் அதே டிரக் வந்தது, அள்ளிக்கொண்டு போக. அள்ளியதெல்லாம் நாங்கள்தான். சுண்ணாம்பு பட்டுக் கை வெந்தது, கீழே மண்ணும் கறுத்துப்போயிருந்தது, அதையும் வெட்டி ஏற்றினோம். ஒவ்வொரு லோடுக்கும் மைனி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். விட்டால் பாதி வழியில் வேறு யார் வாசலிலாவது சாய்த்துவிட்டு வருவான் என்று தேவ்னார் வரைக்கும் போய்விட்டு வருவாள்.

கிணற்றையும் இறைத்தோம், இறைத்தோம், அப்படி இறைத்தோம். தண்ணீர் தெளிந்த பிறகும் வாயில் வைக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. மைனிதான் முதலில் குடித்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல், வேறொன்றுமில்லை என்றாள்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு போன தீபாவளிக்குப் பார்க்கப் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, எனக்கு நீர்மாலை அந்தக் கெணத்துலதான் எடுக்கணும்."

பிணத்தைக் குளிப்பாட்ட மகன் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதைத்தான் நாங்கள் நீர்மாலை என்போம். முருகன் சரிம்மா என்று தலையாட்டினான். என் முகத்தை ஏனோ அவன் பார்க்கவில்லை.

ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. போன மழைக்கு முன்பே, எங்கேயோ இடித்த பில்டிங்கின் டெப்ரியைக் கொண்டுவந்து அந்தக் கிணற்றுக்குள் கொட்டி மூடிவிட்டார்கள். உடைந்த கக்கூஸ் பீங்கான், சிமெண்ட் கட்டி, கம்பி... அதன்மேல் ஊர்க் குப்பை முழுக்க. சீ! இவர்களும் மனுஷ ஜென்மம்தானே?

படுத்திருந்தவளிடம் யாரும் சொல்லவில்லை.

முருகன் குடத்தோடும் மேளத்தோடும் அந்தக் குப்பைமேடு வரைக்கும் போனான். அங்கேயே நின்று, கடையில் வாங்கிய கேன் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினார்கள். அதில்தான் மைனியைக் குளிப்பாட்டினோம்.

கமெண்டில் வந்து கை கூப்புகிற பொம்மை போட வேண்டாம். எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன்.

போங்க மைனி. தண்ணி எங்க எடுத்ததுன்னு மட்டும் கேக்காதீங்க.