பந்தியில் வைத்த திரை

முகையூர் ஜெசிந்தா எந்த மண்டபத்துக்குப் போனாலும், கூட்டத்தின் கண்கள் எங்கே போகின்றன என்றுதான் பார்ப்பாள். மண்டபங்களில் ஸ்பீக்கரும் திரையும் எங்கெங்கே வரவேண்டும் என்று திட்டம் போட்டுத் தருவது அவள் தொழில்.

திண்டிவனத்தில் ஒரு புது மண்டபம். சாப்பிடுகிறவர்களும் தாலி கட்டுவதைப் பார்க்கட்டும் என்று சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய திரை வைத்தாள். முதல் கல்யாணத்தன்றே உரிமையாளர் நெடுஞ்செழியன் போன் செய்தார்.

"ஏம்மா, சாப்ட்டவங்க இலைய மூடிட்டு, திரையப் பாத்துக்கினு அப்படியே உக்காந்துகிறாங்க. அடுத்த பந்திக்கு எடமில்ல. ஒரே பேஜாரு!"

ஜெசிந்தா விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து ஓடினாள். நாற்காலிக்குப் பின்னால் இடத்துக்காக நின்றவர்களும் வாய்பிளந்து திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"கயட்டிடலாமா?" என்றார் நெடுஞ்செழியன்.

"வேணாங்க. வெளிய காத்துக்கினு நிக்கிறவங்களுக்கு வச்சிப் பாக்கலாம்."

அடுத்த முகூர்த்தத்துக்குத் திரை கூடத்து வாசலுக்கு வெளியே மாறியது. ஜெசிந்தாவும் வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். உள்ளே பந்தி மளமளவென்று எழுந்தது. இலை போட்டுவிட்டு, வெளியே காத்திருந்தவர்களை நெடுஞ்செழியனே வந்து அழைத்தார். வரிசையில் முதலில் நின்ற பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க, தாலி கட்டட்டும், வர்றோம்."

நெடுஞ்செழியன் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் அங்கேயே நின்று பார்க்கத் தொடங்கினார்.