துப்பாக்கி எனக்கு, காதல் அவருக்கு

எங்கள் கதையில் துப்பாக்கிச் சண்டை எழுதுவது நான். காதல் எழுதுவது என் வீட்டுக்காரர். கதை படிக்கும் செயலி ஒன்றில் வாரம் ஒரு அத்தியாயம் போடுகிறோம். வாசகர்கள் இதை நேர்மாறாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'அண்ணன் எழுதுற சண்டை சூப்பர், அக்கா எழுதுற காதல் அழ வைக்குது' என்று கருத்துப் போடுவார்கள். நான் திருத்தியதில்லை. ஊரைத் திருத்திக்கொண்டிருந்தால் கடையை யார் பார்ப்பது?

கடை என்றால் ஹார்ட்வேர் கடை. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பு லாரியும் கன்டெய்னர் லாரியும் நாள் முழுக்கப் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகிற இடத்தில் இருக்கிறது. ஆணி, நட்டு, போல்ட்டு, பைப், கயிறு. காலையிலிருந்து பேரம் பேசித் தொண்டை வறண்டுபோன ஒருத்திக்கு, மதியம் உட்கார்ந்து நாலு பேரைச் சுட்டுத் தள்ளுவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பழைய குழாயை எங்கள் கடையில் வாங்கினதாகச் சாதித்துத் திருப்பிக்கொடுக்க வந்த ஆள் ஒருவர் என் கதையில் பல தடவை செத்திருக்கிறார். இன்னும் சாவார்.

வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துச் சரக்குகளுக்கு அனுமதி வாங்கித் தருகிற ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை. பாதி நாள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் காத்துக் கிடப்பதுதான் வேலையே. மில்லர்புரத்து வீட்டுக்குள் வந்துவிட்டால் மனிதர் வாயைத் திறக்க மாட்டார். 'சோறு போடவா' என்றால் தலை ஆடும். 'போதுமா' என்றால் கை ஆடும். இப்படிப்பட்ட ஊமைச்சாமி, லாரி வரிசைக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, காதல் காட்சிகளை வாயாலேயே சொல்லிப் பதிவு செய்து எனக்கு அனுப்புவார். பின்னால் ஹாரன் அலறும். யாராவது யாரையாவது திட்டுவார்கள். நடுவில் இவர் குரல், ஒரு குதிரைக்காரனும் செத்துப்போன ஒருத்தியும் நிலா வெளிச்சத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும். நான் கல்லாவில் உட்கார்ந்து தட்டச்சு செய்வேன்.

இது எப்படித் தொடங்கியது என்று யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் தமிழ் பேசும் கௌபாய் படங்கள் போடுவான். கல்யாணமான புதிதிலிருந்தே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். ஒரு ஞாயிறு, படம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் திடீரென்று கேட்டார்.

"ஏளா, நம்மளே இப்படி ஒண்ணு எழுதுவமா?"

"குதிரையைப் பத்தி நமக்கு என்னங்க தெரியும்?"

"படிக்கவனுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. பிறகு இன்னொன்றும் சொன்னார். "கதையில வார பொண்ணு செத்துப்போனவளா இருக்கட்டும். குதிரைக்காரனத் தேடி வருவா." பேய் என்றால் கூட்டம் சேரும், சரி என்று விட்டுவிட்டேன். ஏன் செத்துப்போனவள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு ஒரு அத்தியாயம். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்கக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் அடுத்த அத்தியாயத்தில் எழுதிச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். இந்தச் சட்டத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இருவரும் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. நான் நம்மூர் நாசரேத் பக்கம் படித்தவள். தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் பறப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்குப் பாலைவனம் எழுதுவது பெரிய காரியமில்லை. இவரோ ஸ்ரீவைகுண்டத்துக்காரர். ஆறும் வயலுமாக வளர்ந்த உடம்பு. நான் ஒரு அத்தியாயம் முழுக்க மணலாகக் கொட்டிவைத்தால், அடுத்ததில் இவர் ஒரு வாய்க்காலை ஓடவிட்டுவிடுவார். கரையில் கொக்கு வேறு.

'பாலைவனத்தில் ஏது வாய்க்கால்?' என்று ஒரு வாசகர் கேட்டே விட்டார். கேட்டில் நிற்கிற இவருக்குப் போனைப் போட்டேன்.

"என்னங்க இது, மானத்த வாங்குதிய? அங்கன ஏது தண்ணி?"

"தண்ணி இல்லாம ரெண்டு பேரு எங்கன உக்காந்து பேசுவாவ?" என்றார். விளையாட்டில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

அழிக்கக் கூடாதே! அந்த வாய்க்கால், ஒருவர்மேல் ஒருவர் பிரியம் வைத்தவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் எழுதிச் சமாளித்தேன். வாசகர்கள் ஆகா ஓகோ என்றார்கள். நானும் ஒன்றும் யோக்கியமில்லை. அவசரத்தில் குதிரையைப் பனைமரத்தில் கட்டிவிட்டேன். கேட்டவர்களிடம் அது பேய்ப்பனை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் செத்துப்போனவளைப் பற்றி.

அவள் என் அத்தியாயங்களில் அதிகம் பேச மாட்டாள். துப்பாக்கி வெடிக்கும்போது அவளுக்கு அங்கே என்ன வேலை? இவர் அத்தியாயத்தில்தான் வருவாள். குதிரைக்காரனின் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொள்வாள். அவனுக்குக் குளிர்ச்சிதான் தெரியும், கை தெரியாது. வார்த்தையில்லாத ஒரு பாட்டை முனங்குவாள். பொட்டல் காட்டில் நின்றுகொண்டு மழை வந்துவிட்டதா என்று கேட்பாள். பிறகு, "நீங்க இருக்கியளா?" என்பாள். இருக்கிறேன் என்று அவன் சொன்னால், "அப்ப சரி" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த 'அப்ப சரி'க்கு வாசகிகள் உருகி வழிந்தார்கள்.

முதலில் எனக்கு வெறும் ஆச்சரியம்தான். இந்த மனிதருக்குள் இப்படி ஒருத்தி எங்கே இருந்தாள்? சினிமாவில் பார்த்தவளா? கதை எழுதுகிறவள் என்ற முறையில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவள் வரும் இடம் வந்தால் இவர் குரலே வேறு. ஹாரன் அடித்தால் அது அடித்து முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகுதான் அவள் பேச்சைச் சொல்வார். என் பேச்சுக்கு ஒரு நாளாவது அப்படிப் பொறுத்திருக்கிறாரா? யோசிக்க யோசிக்க ஆச்சரியம் போய் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் நான் இல்லை. அது சத்தியம். எனக்குப் பாட்டு வராது. விரலைப் பிடிக்கிற பழக்கம் கிடையாது. இவர் வர நேரமானால், 'எங்க போய்த் தொலஞ்சிய' என்று கேட்பேனே தவிர, இருக்கியளா, அப்ப சரி என்றெல்லாம் என் வாயில் வந்ததில்லை. அப்படியென்றால் யாரோ ஒருத்தி இருக்கிறாள், அல்லது இருந்திருக்கிறாள். வாய்க்கால் கரைக்காரியா? கூடப் படித்தவளா? அவள் பேசிய பேச்சை என் கையாலேயே தட்டச்சு செய்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேனா நான்? வயிறு எரிந்தது, சும்மா சொல்லக் கூடாது.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்து மெதுவாகக் கேட்டேன்.

"அந்தப் பொண்ண எங்கன பாத்திய?"

"எங்கயும் இல்ல."

"பாக்காமலா இப்படி எழுதுதிய?"

"கதைதான" என்று தட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

கதைதானே! சரி, கதையிலேயே கேட்கிறேன் என்று முடிவு செய்தேன். என் முறை வந்ததும் கோவேறு கழுதையில் ஒரு பேயோட்டியைக் கொண்டுவந்து இறக்கினேன். கையில் மணி, தோளில் மூட்டை. மூட்டை நிறைய உப்பு. உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? அவள் உறங்கும்போது அவளைச் சுற்றி உப்பால் வட்டம் போட்டுவிட்டான். பேய் அதைத் தாண்ட முடியாது. இனி மணியை ஒரு தடவை ஆட்டினால் அவள் கரைந்து காற்றோடு போய்விடுவாள். மணியைத் தூக்குகிறான். தொடரும் என்று போட்டு, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியிட்டுவிட்டேன். யாரவள் என்று தெரியாமல் இனி ஒரு வரி தட்டச்சு செய்வதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் கடை வாசலில் இவருடைய பைக் வந்து நின்றது. வேலை நேரத்தில் கடைப் பக்கம் எட்டிப்பார்க்காத மனிதர். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அரை இஞ்ச் பைப்புக்கு எல்போ கேட்டு ஒரு அண்ணாச்சி நின்றிருந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு இவர் கல்லாவுக்கு வந்தார்.

"அவள அனுப்பிராத" என்றார்.

"அடுத்த அத்தியாயம் உங்களுதுதான. காப்பாத்திக்கிடுங்க."

"எனக்குச் சண்டை எழுத வராதுன்னு உனக்குத் தெரியும்."

"யாரு அவ? அதச் சொல்லுங்க முதல்ல."

"ஏம்மா, எல்போ இருக்கா இல்லியா?" என்றார் அண்ணாச்சி.

"இருக்கு அண்ணாச்சி, ஒரு நிமிஷம். யாருங்க அவ?"

இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தார். "நீதான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "என்ன, கோட்டி புடிச்சிருக்கா? யாருகிட்ட கத விடுதிய? நான் எந்தக் காலத்துல பாடியிருக்கேன்? நான் எப்பம் உங்க வெரலப் புடிச்சேன்?"

"ஆபரேஷன் அன்னைக்கு."

இதை இதுவரை நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியதுமில்லை. கதை தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. என்னைப் பொறுத்தவரை அது முடிந்துபோன சங்கதி. மயக்க மருந்து கொடுத்தார்கள், கண்ணை மூடினேன், கண்ணைத் திறந்தேன். நடுவில் ஒன்றும் இல்லை. இவருக்கு அந்த நடுவில்தான் எல்லாம் இருந்திருக்கிறது.

"வெளிய கொண்டாந்து போட்டாவ. முழிக்க வேண்டிய நேரம் தாண்டியும் நீ முழிக்கல. ரத்தம் ஏத்துனாவ. டாக்டர் மொகமே சரியில்ல. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். நீ கண்ணத் தொறக்காமலே என் சுண்டுவெரலப் புடிச்சுக்கிட்டு மழை வந்துருச்சான்னு கேட்ட. என்னமோ பாட்டு முனங்குன. நீங்க இருக்கியளான்னு கேப்ப. இருக்கேன்னா, அப்ப சரிம்ப. செத்த நேரத்துல மறுபடியும் கேப்ப. சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்த."

இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் அவர் பேசி நான் கேட்டதில்லை. 

"முழிச்சதும் நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

"கடையப் பூட்டுனியளான்னு கேட்ட."

அப்புறம் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்குப் பேசுன மாதிரி நீ எங்கிட்ட அதுக்கு முன்னாலயும் பேசல, பின்னாலயும் பேசல. நீ பொழைச்சு வந்துட்ட. அவ போயிட்டா. எழுதுனா வாராளேன்னு எழுதுதேன்."

எல்போ கேட்ட அண்ணாச்சி, "நான் பெறவு வாரேம்மா" என்று சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

வேறு எவளாவது இருந்திருந்தால் தேவலை என்று பட்டது எனக்கு. அவளைத் திட்டியிருப்பேன். அவள் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். என்னிடம் எப்படிச் சண்டை போடுவது? அழுகை வந்தது. கல்லாவில் உட்கார்ந்து அழக்கூடாது என்று பைப் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போங்க, கேட்டுல தேடுவாவ. அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பேயோட்டியை ஒழிப்பது எனக்கு ஒரு பத்தி வேலை. முறை என்னுடையது இல்லை என்றாலும் உட்கார்ந்து எழுதினேன். மணி ஆடுவதற்குள் குதிரைக்காரனிடமிருந்து ஒரே குண்டு. விழுந்த வேகத்தில் உப்பு வட்டத்தின் மேலேயே உருண்டு, வட்டத்தையும் கலைத்துவிட்டுப் போனான். அவள் எழுந்து வெளியே வந்தாள். குதிரைக்காரன் நிற்கிறான். இனி அவள் ஏதாவது சொல்ல வேண்டும்.

அங்கே வந்து கை நின்றுவிட்டது. இத்தனை காலம் அவள் பேச்சைத் தட்டச்சு செய்தவள் நான், பேசியவளும் நான்தானாம். ஒரு வார்த்தை வரவில்லை. ஒருவர் வந்து கயிறு வாங்கிப் போனார். ஒருவர் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனார், நான் அவரை முறைக்கக்கூட இல்லை. கடைசியில் தட்டச்சை விட்டுவிட்டுப் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். 'ஏங்க' என்று ஆரம்பித்து அழித்தேன். மறுபடியும் ஆரம்பித்தேன்.

"ஏங்க, முழிச்சிருக்கையில எனக்கு இதெல்லாம் வரமாட்டேங்கு. வாயி வேற என்னத்தையாவது சொல்லித் தொலைக்கி. அன்னைக்குக் கடையப் பூட்டுனியளான்னு கேட்டேன்லா, அது நீங்க இருக்கியளான்னுதான் கேட்டேன். எங்க போய்த் தொலஞ்சியன்னு கேட்டாலும் அதத்தான் கேக்கேன். தெனமும் அதத்தான் கேக்கேன்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். புதுப்பெண் மாதிரி இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கவிழ்த்தேன். பதில் வர நேரமானது. எடுத்துப் பார்த்தால், குரல் இல்லை, எழுத்தில் ஒரு வரி.

'நல்லாருக்கு. இது எந்த அத்தியாயத்துக்கு?'

கூறுகெட்ட மனிதர்! நேரே கூப்பிட்டேன். லாரிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, கடை வாசலில் நின்று கத்தினேன்.

"அத்தியாயத்துக்கு இல்லங்க. உங்களுக்கு."