நாலு விரல் உயரம்

அக்குறணையில் ஒரு டயர் கடைச் சுவரில் இரண்டு டயர்கள் பக்கம் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. ஒன்று எங்கள் அத்தையின் சாமான் ஏற்றும் கெப் வண்டியிலிருந்து அப்போதுதான் கழற்றியது, தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. மற்றது புதியது, கன்னங்கரேலென்று, விரல் புதையும் வெட்டுகளோடு. பழைய டயரின் உச்சியில் அத்தை தன் கையைப் படுக்கையாக நிறுத்திப் பிடித்திருக்கிறார். சுண்டுவிரல் பழைய டயரைத் தொடுகிறது. ஆள்காட்டி விரலின் மேல் ஓரம் புதிய டயரின் உச்சிக்குச் சமமாக நிற்கிறது. "நாலு வெரல்," என்கிறார், ஏதோ வழக்கில் தீர்ப்பைச் சொல்வதுபோல. அத்தையை நினைக்கும்போதெல்லாம் முகத்துக்கு முன்னால் எனக்கு அந்தக் கைதான் வரும். மிளகாய்ச் சாக்குத் தூக்கித் தூக்கிக் கணுக்கள் தடித்துப்போன கை.

அத்தை அப்பாவுக்கு நேர் இளையவர். கெலிஓயாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் பிறந்து, கண்டி மஹய்யாவையில் வாழ்க்கைப்பட்டவர். மாமா ஒரு பழைய கெப்பில் மாத்தளைப் பக்கம் போய் மரக்கறி ஏற்றிவந்து டவுன் கடைகளுக்குப் போடுவார். மாமா இறந்து, மாதா கோயிலில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு அவருடைய அண்ணன்மார் வந்து உட்கார்ந்தார்கள். "கெப்ப வித்துட்டு ஒரு தையல் மெசின் வாங்கிக்கம்மா. ஒனக்கு அது போதும்," என்றார்கள். அத்தை அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, அடுத்த கிழமையே சாரதிப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கூடப் படித்தவர்கள் எல்லாம் மீசை அரும்பிய பையன்கள். முதல் தரமே லைசன் எடுத்தது அத்தை.

போதும் என்ற சொல்லை அத்தைக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. எனக்கும் அப்படித்தான், அது அவரிடமிருந்து தொற்றிக்கொண்டது. எங்கள் ஆட்களைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சொல் தானாக வாயில் வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் படிப்புப் போதும். மஹய்யாவை விலாசத்துக்கு இந்த வேலை போதும். வரிசை வீட்டு லயத்துக்கு இந்தத் தண்ணி, இந்த ரோடு, இந்தக் கூரைத் தகரம் போதும். இதில் கோபம் வரவைக்கிற விஷயம், சொல்கிறவர்கள் பல நேரம் நல்லவர்களாக, பரிவாகக்கூடச் சொல்வது. அத்தை சோறு போடும்போது ஒன்று சொல்வார்: "போதும்ங்கிறத தட்டு வச்சிருக்கிறவங்கதான் சொல்லணும். கரண்டி வச்சிருக்கிறவங்க சொல்லக் கூடாது." சோற்றைப் பற்றி மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை என்பது எனக்கு டயர் வாங்கப் போன அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

அந்த டயரின் கதை அப்பாவின் காலில் தொடங்குகிறது. அப்பாவுக்குச் சீனி வருத்தம். கால்விரலில் வந்த புண் கறுத்து, காய்ச்சலில் பினாத்தத் தொடங்கிய அன்று அவரைக் கம்பளியில் போட்டு, கம்பளியின் இரண்டு முனைகளையும் ஒரு தடியில் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். எங்கள் மேல் லயத்துக்கு வாகனம் வராது. அப்பா தன் இளமை முழுக்க அப்படி மற்றவர்களைத் தூக்கி இறக்கியவர். கண்டி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. "கம்பளியில எறங்கினவன் பொட்டியிலதான் ஏறுவான். நான் தூக்கின ஆளுங்க பாதிப் பேர் அப்படித்தான் ஏறினாங்க," என்றார். பிறகு அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய வீட்டுக்குக் கூட்டிப் போ தங்கச்சி. கம்பளியில வேணாம், ஒக்கார வச்சுக் கூட்டிப் போ," என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. தன் காம்பராவுக்கு, தன் கட்டிலுக்கு, உட்கார்ந்தபடி போக வேண்டும்.

வழியில் ஒரு கல் இருந்தது. கல் என்று சொன்னால் எடுத்துப் போடலாம்போல இருக்கிறது. அது மலையின் முதுகெலும்பு; ரோட்டின் நடுவில் துருத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வண்டிச் சில்லைக் கல்மேல் ஏற்றினால் வண்டி பள்ளத்துப் பக்கம் சரியும். ஆகவே இரண்டு சில்லுகளுக்கும் நடுவில் கல்லை விட்டுத்தான் போக வேண்டும். போனால் கெப்பின் பின் அச்சின் நடுவில் தொங்கும் இரும்பு உருண்டை கல்லில் இடித்து நின்றுவிடும். தோட்ட ஆபிசில் கேட்டால் ரோடு பிரதேச சபைக்கு உரியது என்பார்கள். பிரதேச சபையில் கேட்டால் அது தோட்டத்து ரோடு என்பார்கள். கல் மட்டும் எங்களுக்கு உரியதாக இருந்தது.

சித்தப்பா, அதாவது அப்பாவின் கடைசித் தம்பி, ஒரு முடிவோடு வந்தார். அவர் டவுனில் ஒரு கந்தோரில் கிளார்க். கெட்ட மனிதர் அல்ல. அலைந்து களைத்த மனிதர். "அக்கா, கீழ கெலிஓயாவுல ஒரு ரூம் பாத்துட்டேன். தண்ணி இருக்கு, லைட் இருக்கு. அண்ணனுக்கு இனி அது போதும்," என்றார். அடுத்த நாள் அத்தை வெறும் கெப்பை எடுத்துக்கொண்டு கல் வரைக்கும் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிட்டார். ஒரு தேயிலைக் குச்சியை ஒடித்துக் கல்லின் உயரத்தை அளந்து, அதே குச்சியில் உருண்டையின் உயரத்தைப் பார்த்தார். மூன்று விரல் குறைந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "மூணு வெரல் கல்லுக்கு, ஒரு வெரல் மாதாவுக்கு. நாலு வெரல் ஒசந்த டயரு போட்டா எங்க அண்ணன் சீட்டுல ஒக்காந்து ஏறுவாரு," என்றார்.

அப்படித்தான் நாங்கள் அக்குறணைக் கடையில் நின்றோம். சித்தப்பாவும் தடுத்துப் பார்க்கலாம் என்று கூட வந்திருந்தார். கடைக்காரரை எல்லோரும், முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல், நானா என்றுதான் அழைப்போம். மாமா காலத்திலிருந்தே பழக்கம். அவர் பெரிய டயரை எடுத்துக் கொடுக்கத் தயங்கினார். "தங்கச்சி, ஒங்கட கெப்புக்கு ஈக்கிற சைஸே போதும். பெருசு போட்டா ஸ்டியரிங்க முழுசா வெட்டக்குள்ள மட்காட்ல ஒரசும். ஏத்தத்துல இழுவ கொறயும். மீட்டரும் வேகத்தக் கொறச்சித்தான் காட்டும்." அத்தை பழைய டயரையும் புதிய டயரையும் பக்கம் பக்கமாக நிறுத்தச் சொல்லி, நடுவில் கையை வைத்தது அப்போதுதான். நாலு விரல். அத்தையின் முகத்தில் வெற்றி தெரிந்தது. நானா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, நோகாமல் சொன்னார்: "டயர் நாலு வெரல் ஒசந்தா அச்சு ரெண்டு வெரல்தான் ஒசரும் தங்கச்சி. அச்சு நடுவுல தானே ஈக்கி. மத்த ரெண்டு வெரல் மேலுக்குப் போயிரும்."

சித்தப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் அவருக்கு மன்னிக்கவில்லை. அத்தை வேறு வழியெல்லாம் கேட்டுப் பார்த்தார். ஸ்பிரிங்கின் கீழே கட்டை வைத்துத் தூக்கலாமா என்றார். தூக்கினால் வண்டியின் உடம்புதான் உயரும், அச்சு அங்கேயேதான் கிடக்கும் என்றார் நானா. இதைவிடப் பெரிய டயர் போட்டால் சில்லுத் திரும்பவே இடமில்லை என்றார். எல்லாம் உண்மை. "பாத்தீங்களாக்கா? விடுங்க, போதும்," என்றார் சித்தப்பா. அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அத்தை ஒருவேளை வீடு திரும்பியிருப்பார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அத்தை விரித்த கையை முழுதாக மடக்கவில்லை. இரண்டு விரலை மட்டும் மடக்கி, மீதி இரண்டை நானாவிடம் காட்டினார். "இந்த ரெண்டு வெரல நீங்க குடுங்க நானா. கல்லுக்கு ஒரு வெரலும் மாதாவுக்கு ஒரு வெரலும் நாங்க மலையில எடுத்துக்குறோம்."

நானா மட்காட்டின் உள்விளிம்பைத் தானே சுத்தியலால் தட்டி வளைத்துவிட்டு, டயர்களைப் பூட்டிக்கொடுத்தார். புது டயருக்கு அடியில் எலுமிச்சைத் தேசிக்காய் வைத்து நசுக்கும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. கோயிலில் பாதர் தீர்த்தம் தெளித்தாலும் தேசிக்காய் இல்லாமல் அத்தை வண்டியை எடுக்கமாட்டார். பாதரும் அதைக் கண்டும் காணாததுபோல் இருப்பார். ஆனால் அன்று நானா நீட்டிய தேசிக்காய்களை அத்தை வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார். "இன்னும் ஏறலியே நானா. ஏறிட்டு நசுக்குறேன்," என்றார்.

மலையில் எடுப்பது என்றால் என்ன என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. கல்லை உடைக்க முடியாது. ஆனால் கல்லின் இருபக்கமும் சில்லு ஓடும் தடத்தை உயர்த்தலாம். அத்தை மேல் லயத்துப் பெண்களிடம் சொல்லியனுப்பியிருந்தார். கொழுந்துக் கூடையிலும் சீமெந்துப் பையிலும் கல் சுமந்து வந்து, தடத்தில் பரப்பி, மண்ணைப் போட்டு மிதித்தார்கள். கேலியும் சிரிப்புமாக ஏதோ கல்யாண வீட்டு வேலைபோல நடந்தது. பாதியில் ஆபிசிலிருந்து கணக்கப்பிள்ளை வந்து, அனுமதி இல்லாமல் ரோட்டில் கை வைக்கக் கூடாது என்றார்.

"இது யாரு ரோடுங்க?" என்று அத்தை கேட்டார்.

"பிரதேச சபை ரோடு. எத்தன தடவ சொல்றது?"

"அப்ப தோட்டத்துக்கு என்னாங்க வந்திச்சி? சபைக்காரங்க வந்து தடுக்கட்டும். அவுங்க இங்க வந்தாவாச்சும் இந்தக் கல்லப் பாப்பாங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பில் கணக்கப்பிள்ளை குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மழை பெய்யவில்லை.

தடம் இறுகியதும் அத்தை கெலிஓயாவுக்குப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சித்தப்பா பார்த்த ரூமில் தங்கியிருந்த அப்பாவை ஏற்றிவந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, இடப்பக்க சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடித்துத் தைத்த காற்சட்டை முனையின் மேல் இரண்டு கைகளும் இருந்தன. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் தடத்தின் ஓரமாக ஒரு பெண் தரையில் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டு, "வாங்கக்கா, வாங்க, வாங்க," என்று கையசைத்தாள். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. நானா சொன்னபடியே இழுவை குறைந்திருந்தது. முன் சில்லுகள் கல்லைத் தாண்டின. எல்லோரும் அந்த இடிக்கும் சத்தத்துக்காகக் காது கொடுத்தபடி நின்றோம். "போகுது! போகுதுக்கா!" என்று படுத்திருந்தவள் கத்தினாள். சத்தமே வரவில்லை.

கல்லைத் தாண்டியதும் அப்பா, "நிப்பாட்டு," என்றார். அத்தை பிரேக்கை அழுத்தினார். ஏதோ ஆகிவிட்டதென்று நான் பயந்துபோனேன். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்தக் கல்லைப் பார்த்தார். கம்பளி தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவது அங்கேதான்; சுமையைச் சற்று இறக்கி வைக்கும் கல் அதுதான். அவர் எத்தனை பேரை அதன்மேல் இறக்கி வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. பார்த்து முடித்தபின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப போ," என்றார். எங்கள் லயத்து வாசலுக்கு வாகனம் ஒன்று வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அத்தை தேசிக்காய்களை எடுத்துச் சில்லுகளின் கீழே தானே குனிந்து வைத்தார். வண்டியை ஓர் அடி முன்னால் எடுத்தபோது அவை நசுங்கிய சத்தத்துக்கு லயமே கைதட்டியது. அப்பா அதற்குப் பிறகு பல மழைக்காலம் அந்த வீட்டில் இருந்தார். கிளினிக்குக்கு உட்கார்ந்தபடி இறங்கி, உட்கார்ந்தபடி ஏறினார். இறந்ததும் தன் கட்டிலில்தான்.

மீட்டர் விஷயத்திலும் நானா சொன்னது சரி. அதைக் காட்டி அத்தை சிரிப்பார்: "இதுவும் நம்மளக் கொறச்சித்தான் எடை போடுது பாத்தியா?"

இப்போது எங்கள் மலைக்குக் கொங்கிறீட் ரோடு வந்துவிட்டது. கல் அதற்கடியில் மறைந்துவிட்டது. ஓட்டோவே ஏறுகிறது. ரோட்டைத் திறந்துவைத்தவர்கள் மாலை போட்டுக்கொண்டு, இந்த மக்களுக்கு வழி பிறந்தது என்று பேசினார்கள். அத்தை முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, என் காதில், "நாம என்னா இத்தன நாளு பறந்தா போனோம்?" என்றார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. மரக்கறி வியாபாரத்தை நிறுத்தியாயிற்று. ஆனால் கெப்பை விற்கவில்லை, நான்தான் ஓட்டுகிறேன்.

சென்ற மாதம் எதிர் மலையிலிருந்து ஒருவன் அத்தையைத் தேடி மஹய்யாவைக்கு வந்தான். அவன் மனைவிக்கு அது நிறைமாதம். அந்த மலைக்குக் கொங்கிறீட் வரவில்லை. அங்கேயும் நடுவில் ஒரு கல் இருக்கிறது, இன்றும் கம்பளிதான். எங்கள் டயர்களோ தேய்ந்து, அன்று கூட்டிய உயரம் குறைந்துபோயிருந்தது. அன்றே அத்தையை ஏற்றிக்கொண்டு அக்குறணைக்குப் போனேன். அத்தை கடை வாசலில், பேச்சு காதில் விழும் தூரத்தில் நின்ற வண்டியிலேயே இருந்தார். நானாவுக்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "மகளா? வாங்க, வாங்க. இப்ப தான் ஒங்கட பக்கம் கொங்கிறீட் வந்தீக்கே. இனி கொம்பனி சைஸ் டயரே போதும், என்ன?" என்று சின்ன டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஹோர்ன் அடித்தது. விடாமல் அடித்தது. நானாவும் நானும் திரும்பிப் பார்த்தோம். கெப்பின் இடப்பக்க ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. கணுக்கள் தடித்த அந்தக் கையில் நான்கு விரல்களும் ஒன்றாகச் சேர்ந்து படுக்கையாக நின்றன.

நானா சின்ன டயரைத் திருப்பி உள்ளே உருட்டிக்கொண்டு போனார்.